யப்பானிய பேஸ் கிற்றார்: தரத்துக்கான விலையா, பெயருக்கான விலையா?

நான்கு தந்திகள், ஒன்றோ இரண்டோ காந்தச் சுருள்கள், ஒரு மரப்பலகை. பேஸ் கிற்றார் என்பது அடிப்படையில் இவ்வளவுதான். தொடக்க நிலைக் கருவி ஒன்று 200, 300 டொலருக்குக் கிடைக்கிறது. யப்பானில் செய்யப்பட்ட உயர்தரக் கருவிக்கோ 2,000 டொலரும் அதற்கு மேலும் கேட்கிறார்கள். சிறிய பட்டறைகளின் விலை இதையும் தாண்டும். விலை பத்து மடங்கு என்றால் ஒலியும் பத்து மடங்கு நல்லதா?

இல்லை. ஆனால் அந்தப் பணம் முழுவதும் வீணாவதும் இல்லை. அது எங்கே போகிறது என்பதைப் பார்ப்போம்.

நகலில் இருந்து தொடங்கிய பெயர்

தொழிற்சாலையில் பெருமளவில் செய்யப்பட்டு வெற்றி கண்ட முதல் மின் பேஸ் கிற்றாரை லியோ பென்டர் 1951இல் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தினார். 1970களில் யப்பானியத் தொழிற்சாலைகள் அமெரிக்கக் கருவிகளை அச்சொட்டாக நகலெடுத்தன. 1977இல் கிப்சனின் தாய் நிறுவனம், தலைப்பகுதியின் வடிவத்தைப் பிரதி செய்ததாக இபனெஸ் கருவிகளின் அமெரிக்க விநியோகஸ்தர் மீது வழக்குத் தொடர்ந்தது.

பென்டர் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. 1982இல் யப்பானிய நிறுவனங்களுடன் கூட்டுச் சேர்ந்து, மட்சுமொட்டோ நகரின் புஜிஜென் தொழிற்சாலையிலேயே தனது கருவிகளைச் செய்வித்தது. 1985இல் பென்டர் கைமாறியபோது அதன் அமெரிக்கத் தொழிற்சாலை அந்த விற்பனையில் அடங்கவில்லை. சிறிது காலம் பென்டர் விற்ற கிற்றார்களில் பெரும்பாலானவை யப்பானில் இருந்தே வந்தன. மலிவான நகல் என்ற பேச்சு அத்துடன் அடங்கத் தொடங்கியது.

பணம் வாங்கித் தருவது எதை?

முதலாவது, கழுத்துப்பகுதி. பேஸ் தந்திகள் தடித்தவை. வழமையான நீளம் 34 அங்குலம். அவற்றின் இழுவையைக் கழுத்து ஓயாமல் தாங்க வேண்டும். மரம் ஈரப்பதனுக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். சரியாக உலர்த்தப்படாத மரம் ஒரே ஆண்டில் முறுகக்கூடும். உள்ளே ஓடும் உருக்குக் கம்பியால் வளைவைத் திருத்தலாம். முறுக்கைத் திருத்துவது கடினம். எங்களைப் போன்ற வெக்கையும் ஈரமும் கூடிய நாடுகளில் இது சிறிய விடயமல்ல.

இரண்டாவது, கைவேலை. விரல் பலகையில் பதித்துள்ள உலோகப் பிரெட்கள் அனைத்தும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று சற்று உயர்ந்தாலும் தந்தி அதில் மோதி இரையும். இவற்றை மட்டம் பார்த்து, ஓரங்களை விரல் கிழிக்காதபடி அராவி, மினுக்குவதற்கு நேரம் தேவை. யப்பானில் அந்த நேரத்துக்கான கூலி அதிகம்.

மூன்றாவது, நாணயம். 1985இல் பிளாசா உடன்படிக்கைக்கு முன்னர் ஒரு டொலருக்கு சுமார் 240 யென் கிடைத்தது. 1988இல் அது ஏறக்குறைய 130 ஆகச் சுருங்கியது. கருவி மாறாமலேயே டொலர் விலை ஏறக்குறைய இரட்டிப்பாகக்கூடிய நிலை அது. மலிவு மாதிரிகள் கொரியா, இந்தோனேசியா என்று இடம்பெயர, கூடிய விலைக்கு விற்கக்கூடியவையே பெரும்பாலும் யப்பானில் தங்கின. இன்று இபனெஸ் 'பிறெஸ்டீஜ்' யப்பானிலும் அதற்கு அடுத்த 'பிறீமியம்' இந்தோனேசியாவிலும் உருவாகின்றன.

நான்காவது, அலங்காரம். வரிவரியாக மின்னும் மேப்பிள் மரமும் அரிய நிறப்பூச்சும் கண்ணுக்கு விருந்து. ஒலிபெருக்கியில் அவை கேட்காது.

எங்கே நிறுத்துவது?

கணினியால் இயங்கும் வெட்டு இயந்திரங்கள் வந்தபின் மலிவான கருவிக்கும் உயர்தரக் கருவிக்கும் இடையிலான தூரம் குறைந்துவிட்டது. 300 டொலரில் இருந்து 1,000 டொலருக்குப் போகும்போது கை உடனே வேறுபாட்டை உணரும். 2,000 டொலருக்கு மேல் ஒவ்வொரு நூறு டொலரும் வாங்கித் தருவது குறைந்துகொண்டே போகும். மேடையில் மேளமும் குரலும் சேர்ந்துவிட்டால், கேட்பவருக்கு அந்த வேறுபாடு பெரும்பாலும் பிடிபடாது.

மோட்டவுன் பாடல்களுக்கு அடித்தளமிட்ட ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது 1962இல் வெளிவந்த சாதாரண பென்டர் பிரிசிஷன். விசேட வேலைப்பாடு எதுவும் அதில் இருக்கவில்லை.

வாசித்துப் பிழைப்பவருக்கு யப்பானியக் கருவி நியாயமான முதலீடு. ஆண்டுக்கணக்கில் கழுத்து நேராக நிற்பதும், இரவு முழுவதும் சுருதி பிசகாததும் அவருக்கு வருமானத்தோடு சேர்ந்தவை. கற்கத் தொடங்குபவர் அதற்காகக் கடன்படத் தேவையில்லை. நடுத்தர விலையில் ஒன்றை வாங்கி, தந்தியின் உயரத்தையும் சுருதியையும் தேர்ந்த ஒருவரிடம் சரிபார்த்துக்கொண்டால் பாதித் தூரம் கடந்தாகிவிடும்.

பழைய யப்பானியக் கருவி கைக்கு வந்தால், பெயரைப் பார்க்கும் முன் கழுத்தைப் பாருங்கள். தந்தியை முதல் பிரெட்டிலும் கடைசிப் பிரெட்டிலும் ஒரேநேரத்தில் அழுத்துங்கள். நடுவே மெல்லிய இடைவெளி தெரிந்தால் நல்லது. பெரிய பள்ளம் தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பின்னர் தலைப்பக்கம் இருந்து நீளவாக்கில் பாருங்கள். கழுத்து முறுகியிருந்தால், தலையில் எந்தப் பெயர் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.