நோவில்லா நோய்: மரபணுச் சோதனையும் அறியாதிருக்கும் உரிமையும்

'நோய்' என்னும் சொல் 'நோ' என்னும் அடியிற் பிறந்தது. நோதல் என்பது வருந்துதல். அகப்பாடல்களில் பிரிவுத் துயரும் நோய் எனவே சுட்டப்படுவதை நாம் மாணவர்க்குக் கற்பித்து வருகிறோம். துன்புறுவார் இன்றி நோய் இல்லை என்பது இச்சொல்லின் உட்கிடை எனலாம். மரபணுச் சோதனை இவ்வுட்கிடையை அசைத்துள்ளமையை ஹன்டிங்டன் நோயின்வழி ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

மூளையின் நரம்பணுக்களைப் படிப்படியாக அழிக்கும் இந்நோய் பெரும்பாலும் நடுவயதிலேயே வெளிப்படும். கட்டுக்கடங்கா உடலசைவு, மனக்குலைவு, சிந்தனைத் தளர்ச்சி எனத் தொடரும் இதனைக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. பெற்றோருள் ஒருவருக்கு இருப்பின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வர 50 விழுக்காட்டு வாய்ப்புண்டு. இதற்குரிய மரபணு 1993இல் கண்டறியப்பட்டது. அதில் சி, ஏ, ஜி என்னும் மூவெழுத்துக் கோவை 40 முறையோ அதற்கு மேலோ அடுக்கி வருமாயின், இயல்பான ஆயுள் வாழ்பவருக்கு நோய் வருதல் ஏறத்தாழ உறுதி. 36 முதல் 39 வரையெனின் வரலாம், வராமலும் போகலாம். இவ்வெண்ணிக்கையை அறியச் சிறிதளவு குருதியே போதும். இருபது வயதில், உடலில் ஒரு குறையுமின்றி, முடிவைக் கையில் ஏந்தி வெளிவரும் இளைஞர் நோயாளியா, நலமுடையவரா?

இந்த ஆய்வில் முன்னின்றவர் அமெரிக்க அறிஞர் நான்சி வெக்சுலர். அவருடைய தாயார் இந்நோயால் 1978இல் இறந்தார். வெனிசுவேலாவின் மரக்கைபோ ஏரிக்கரைக் குடும்பங்களிடையே பல்லாண்டுகள் குருதி மாதிரிகளைத் திரட்டிச் சோதனைக்கு வழிகோலிய அவரே, தம் நிலை குறித்து நெடுங்காலம் வெளியிற் கூறாதிருந்தார். தமக்கும் நோய் வந்துள்ளதை 2020இல்தான் வெளிப்படுத்தினார். அறியும் வழியைத் தேடியவரே அறிவிக்காதிருக்கும் உரிமையையும் பேணினார் என்பது நம் சிந்தனைக்குரியது.

அறியாதிருத்தல் தனியொருவரின் விருப்பம் மட்டுமன்று. பாட்டனாருக்கு நோய் இருந்தது. தந்தையார் சோதித்துக்கொள்ள விரும்பவில்லை. பேரன் சோதித்துக்கொள்கிறான் எனக் கொள்வோம். பேரனிடம் அம்மரபணு காணப்படின், தந்தையின் முடிவும் அவர் கேளாமலே வெளிப்பட்டுவிடுகிறது. ஒருவரது அறியும் உரிமை மற்றவரது அறியாதிருக்கும் உரிமையை அழிக்கும் இச்சிக்கலுக்கு நிறைவான விடை இருப்பதாக நாம் கருதவில்லை. சிறார்க்கு இச்சோதனையைச் செய்யலாகாது, முன்னும் பின்னும் ஆலோசனை வேண்டும் என்னும் அனைத்துலக வழிகாட்டு நெறிகள் தீங்கைக் குறைப்பன, அவ்வளவே.

மலேசியத் தமிழாசிரியர்க்கு இவ்வினா தொலைவிலுள்ளதன்று. இடைநிலைப்பள்ளிகளில் நான்காம் படிவ மாணவர்க்குத் தலசீமியா சோதனை நடத்தப்படுகிறது. அதன் மரபுக்கூறு ஒன்றை மட்டும் உடைய மாணவர் பொதுவாக நலமாகவே வாழ்வார். கணவன் மனைவி இருவரிடமும் அது இருக்குமாயின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தைக்குக் கடும் நோய் ஏற்பட 25 விழுக்காட்டு வாய்ப்புண்டு. ஆகவே இங்கு அறிவதால் பயன் உண்டு. ஆயினும் 'பிள்ளைக்கு நோயாம்' என வீட்டார் மருளுவதும், திருமணப் பேச்சில் பெண்ணின்மீது மட்டும் குறை ஏற்றப்படுவதும் எளிதில் நிகழக்கூடியவை.

இத்தகையோரைத் தமிழில் எவ்வாறு சுட்டுவது? 'நோயாளி' பிழை. 'நோய்தாங்கி' அச்சமூட்டுகிறது. 'மரபுக்கூறுடையவர்' சற்று வறண்ட ஆக்கமே; எனினும் எவரையும் நோகச் செய்யாதது என்பதால் வகுப்பில் இப்போதைக்கு அதனையே ஆள்கிறோம்.