ஒரு சாண் போர் விமானம்!

செஞ்சிக் கோட்டைக்குப் போயிருக்கிறீர்களா குட்டீஸ்? ராஜகிரி உச்சிக்கு ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். ஏறத்தாழ 800 அடி உயரமாயிற்றே! அந்த மலையை 72ல் ஒரு பங்காகச் சுருக்கினால் எவ்வளவு இருக்கும்? வெறும் 11 அடிதான்! உங்கள் வீட்டுச் சுவரைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான்.

நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சுருக்கிச் செய்வதுதான் 'ஸ்கேல் மாடல்'. பொம்மை விமானத்தின் இறக்கை குட்டையாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். மாடலில் கேட்பார்கள்!

வாருங்கள், இந்தக் கணக்கில் நம் நாட்டின் பழைய போர் விமானம் ஒன்றைச் செய்து பார்ப்போம். அதன் பெயர் மாருத். தமிழில் 'மாருதம்' என்றால் காற்று, தெரியும்தானே?

இந்தியாவில் உருவான முதல் ஜெட் போர் விமானம் இதுதான். ஜெர்மானிய நிபுணர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் வடிவமைக்கப்பட்டது. 1961 ஜூன் 17ல் முதல் முறையாகப் பறந்தது. ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ். மொத்தம் 147 மாருத்கள் தயாராயின. 1971 போரில் ராஜஸ்தான் பாலைவனத்தின் மேல் பறந்த மாருத், 1990ல் ஓய்வு பெற்றது.

மாருத்தின் நீளம் 15.87 மீட்டர். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 9 மீட்டர். இரண்டையும் 72ஆல் வகுத்துப் பாருங்கள். நீளம் 22 செ.மீ.; இறக்கை பன்னிரண்டரை செ.மீ. சரியாக ஒரு சாண் விமானம்!

ரெசின் எதற்கு?

பிளாஸ்டிக் மாடல் செய்ய இரும்பு அச்சு வேண்டும். அதற்குச் செலவு அதிகம். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டுப்படியாகும். அதிகம் பேருக்குத் தெரியாத விமானங்களுக்கு ரெசின்தான் கை கொடுக்கும். சிலிக்கான் ரப்பரில் அச்சு எடுத்து, இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றுவார்கள். சிறிது நேரத்தில் கல்போல் இறுகிவிடும். ரப்பர் அச்சு சில டஜன் வார்ப்புகளுக்குப் பிறகு கிழிந்துவிடும். அதனால் இவ்வகை மாடல்கள் கொஞ்சமாகத்தான் கிடைக்கும்.

எப்படிச் செய்வது?

முதலில், பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசிய எண்ணெய்ப் பசை போகாவிட்டால், பெயின்ட் உரிந்து வரும்.

இறக்கை வளைந்திருக்கிறதா? பெரியவர் யாராவது அதைச் சுடுநீரில் சற்று நேரம் வைத்தால் இளகும். நிமிர்த்தி, குளிர்ந்த நீரில் போட்டால் அப்படியே நின்றுவிடும்.

பிளாஸ்டிக் மாடலுக்கான பசை ரெசினில் ஒட்டாது. சூப்பர் குளூ அல்லது எபாக்சிதான் வேண்டும்.

மாருத்துக்கு முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. வால் கனத்தால் மாடல் பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிடும்! ஒட்டும் முன்பே மூக்குக்குள் இடமிருந்தால், சைக்கிள் கடையில் கிடைக்கும் இரும்புக் குண்டுகள் நாலைந்தைப் போட்டு விடுங்கள்.

பிறகு இடைவெளிகளைப் புட்டியால் அடைத்துத் தேய்க்க வேண்டும். இங்கேதான் கவனம்! மாருத்துக்கு இடுப்பு உண்டு. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்று பலமாக எதிர்க்கும். இறக்கை சேரும் இடத்தில் உடலைக் குறுக்கினால் அந்த எதிர்ப்பு குறையும். அந்த இடுப்பைப் புட்டியால் நிரப்பிவிட்டால், அது மாருத்தே அல்ல! அதிகமாகத் தேய்த்துவிட்டாலும் சிக்கல்தான்.

செஞ்சிக்கு வடக்கே சீயமங்கலத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த கோயில் இருக்கிறது. 1400 ஆண்டுகளுக்கு முன் ஒரே பாறையில் செதுக்கியது. அந்தச் சிற்பியின் உளி ஒரு விரற்கடை அதிகம் போயிருந்தால் திரும்ப ஒட்ட முடியுமா? அதே பொறுமைதான் இங்கும். கொஞ்சம் தேய்; அளந்து பார்; மறுபடி தேய்!

உஷார்!

ரெசின் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். முகக்கவசம் அணிந்து, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அப்போது தூசி பறக்காது. அறுப்பது, ஒட்டுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் பெரியவர் துணையோடு, காற்றோட்டமான இடத்தில்தான்.

மரத்தில் பிறந்த மாருத்

'ரெசின் மாடலுக்குக் காசு இல்லையே' என்கிறீர்களா? கவலை வேண்டாம். நிஜ மாருத்தே முதலில் மரத்தில்தான் பிறந்தது! அதே அளவில், இன்ஜின் இல்லாத மர விமானம் ஒன்றைச் செய்தார்கள். 1959ல் டகோட்டா விமானம் அதை வானுக்கு இழுத்துச் சென்றது. தவறுகளை மரத்தில் கண்டுபிடித்துத் திருத்திவிட்டு, பிறகுதான் உலோகத்தில் கை வைத்தார்கள்.

அப்படியும் ஒரு குறை தீரவில்லை. திட்டமிட்ட சக்திவாய்ந்த இன்ஜின் கிடைக்கவே இல்லை. நினைத்த வேகத்தை மாருத் எட்டவில்லை. வேகத்தைக் கூட்டும் முயற்சியில் மாற்றியமைத்த மாருத்தைச் சோதித்தபோது, 1970ல் விபத்தில் சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். முதன்முதலாக மாருத்தைப் பறக்கவிட்ட அதே சுரஞ்சன் தாஸ்!

இன்று மாருத் பறப்பதில்லை. பெங்களூரில் உள்ள எச்.ஏ.எல். அருங்காட்சியகம் போன்ற சில இடங்களில் மட்டும் நின்றுகொண்டிருக்கிறது. உங்கள் மேஜையிலும் ஒன்று நிற்கட்டுமே!

தெர்மோகோலில் உடல், அட்டையில் இறக்கை போதும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: சூப்பர் குளூ தெர்மோகோலைத் தின்றுவிடும், பெவிகால்தான் சரி. நீளம் 22 செ.மீ., இறக்கை பன்னிரண்டரை செ.மீ. அப்புறம்... இடுப்பை மறந்துவிடாதீர்கள்!

என்ன குட்டீஸ், ஸ்கேலை எடுத்துவிட்டீர்களா?