மருந்து விலையும் ஜெனீவாவின் விதியும்

மருத்துவ உதவி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பார்க்கையில் நமக்குள் ஒரு கேள்வி எழும். சில மாத்திரைகளுக்கு மட்டும் மாதம் லட்சக்கணக்கில் விலை ஏன்? தயாரிப்புச் செலவு மட்டும் காரணமல்ல. அந்த மருந்தை யார் தயாரிக்கலாம் என்று சொல்லும் சட்டமே பெரிய காரணம். அந்தச் சட்டத்தின் வேர் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் இருக்கிறது.

நம் நாட்டின் 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் மருந்துக்குக் காப்புரிமை தரவில்லை. தயாரிக்கும் முறைக்கு மட்டுமே தந்தது. ஆகவே அதே மருந்தை வேறு முறையில் தயாரித்து, நம் நிறுவனங்கள் மலிவாக விற்றன.

1995 ஜனவரி 1இல் ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டு உலக வர்த்தக அமைப்பு தொடங்கியது. அதில் சேரும் நாடு ‘ட்ரிப்ஸ்’ எனும் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தையும் ஏற்க வேண்டும். மருந்துக்கே 20 ஆண்டு காப்புரிமை தரவேண்டும் என்பது அதன் விதி. மீறும் நாட்டின்மீது மற்றொரு நாடு அங்கே வழக்குத் தொடரலாம். தீர்ப்புக்குக் கட்டுப்படாவிட்டால், அந்நாட்டின் சரக்குகள்மீது கூடுதல் வரி விதிக்க வழக்குத் தொடுத்த நாட்டுக்கு அனுமதி கிடைக்கும். அமெரிக்கா தொடுத்த வழக்கில் 1997இல் தோற்ற இந்தியா, 1999இல் சட்டத்தைத் திருத்தியது. 2005இல் மருந்துக்கான காப்புரிமையும் வந்துவிட்டது.

ஆராய்ச்சிக்குச் செலவிட்ட பணத்தைத் திரும்பப் பெற இந்த உரிமை தேவை என்பது நிறுவனங்களின் வாதம். அதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நோயாளியின் உயிருக்கும் அந்த விதிக்குள் இடம் உண்டு. மக்கள் நலனைக் காக்கும் வகையில் ட்ரிப்ஸைப் பொருள்கொள்ளலாம் என்று 2001இல் தோஹாவில் உறுப்பு நாடுகள் கூடி அறிவித்தன.

அந்த இடத்தை இந்தியா பயன்படுத்தியது. பழைய மருந்தைச் சற்றே மாற்றினால் மட்டும் புதிய காப்புரிமை கிடையாது. குணமளிக்கும் திறன் கூடியிருக்க வேண்டும் என்று 2005 திருத்தத்தின் 3(டி) பிரிவு சொல்கிறது. ரத்தப் புற்றுநோய்க்கான க்ளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்த மருந்தின் விலை அப்போது மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாயாக இருந்தது. இந்திய நிறுவனங்களின் மருந்தோ பத்தாயிரத்துக்குள் கிடைத்தது.

இன்னொரு வழி கட்டாய உரிமம். பேயர் நிறுவனத்தின் காப்புரிமை பெற்ற நெக்ஸாவர் எனும் புற்றுநோய் மருந்தைத் தயாரிக்க, 2012இல் ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்கு அரசு அனுமதி தந்தது. மாதம் சுமார் 2.8 லட்சமாக இருந்த விலை 8,880 ரூபாயானது. பேயருக்கு விற்பனையில் 6 சதவீதம் உரிமைத்தொகையாகத் தரவும் உத்தரவானது.

க்ளிவெக் வழக்கில் எதிர்ப்பு மனு கொடுத்தவர்களில் மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் ஒன்று. அதுவும் நம்மைப் போன்ற ஒரு தொண்டு அமைப்புதான். காப்புரிமை வழங்கப்படுமுன் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்க நம் சட்டத்தின் 25ஆம் பிரிவு இடம் தருகிறது. மருந்துக்கான தொகையைத் திரட்டுவது மட்டுமல்ல, அந்தத் தொகை ஏன் அவ்வளவு என்று கேட்பதும் நம் கடமையே. விலை உயர்ந்த மருந்து எழுதப்பட்டால், அதன் மூலப்பெயரில் மலிவான மருந்து உண்டா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.