போராட்டமா, கலவரமா? ஆங்கில வகுப்பில் பேச வேண்டிய இரு சொற்கள்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் மாலை நேரத்தில் ஆங்கிலம் கற்க வரும் பெரியவர்கள் செய்தித்தாளை வைத்துப் பேசிப் பழகுவது நல்லது. அப்படிப் படிக்கும்போது அடிக்கடி குழப்பம் தரும் சொற்கள் ‘புரொட்டஸ்ட்’, ‘ரயட்’.

புரொட்டஸ்ட் என்பது எதிர்ப்பைத் தெரிவிப்பது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவு குடிமக்களுக்குத் தருகிறது. பொது ஒழுங்கு கருதி அரசு அதற்கு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம்.

ரயட் என்பது கலவரம், தண்டனைக்குரிய குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 191-ஆவது பிரிவு இதைப் பற்றியது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோதமாகக் கூடி, அவர்களில் ஒருவர் அந்தப் பொது நோக்கத்துக்காக வன்முறையில் இறங்கினாலும், அக்கூட்டத்தைச் சேர்ந்த ஒவ்வொருவரும் குற்றவாளியாவர். இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். கல்லைத் தொடாதவர் மீதும் வழக்கு வரலாம் என்பதால் இந்தச் சொல்லின் கனம் தெரிந்திருக்க வேண்டும்.

வகுப்பில் பேச நமக்குத் தெரிந்த நிகழ்ச்சியே போதும். 2017 ஜனவரி 17 அன்று ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் மெரினாவில் திரண்டார்கள். இரவு பகலாக அமைதியாக அமர்ந்தார்கள். குப்பையை அவர்களே அள்ளினார்கள். 23-ஆம் தேதி காலை காவல்துறை அவர்களை வெளியேற்றத் தொடங்கியது. அன்று ஐஸ் ஹவுஸ் காவல் நிலையத்துக்குத் தீ வைக்கப்பட்டது, வாகனங்கள் எரிந்தன. காவலர்களே தீ வைத்ததாகவும் குற்றச்சாட்டு எழுந்தது. இதையெல்லாம் விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி ராஜேஸ்வரன் ஆணையம் அமைக்கப்பட்டது.

இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும். எந்த நாள்? யார் செய்தது? அதைச் சொல்வது யார்? ‘வாகனங்கள் எரிக்கப்பட்டன’ என்னும் செயப்பாட்டு வினையில் எரித்தவர் மறைந்துவிடுவார். நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டுக்கு ‘அலெஜ்ட்’ என்ற சொல் உண்டு; அதைத் தவறாமல் பயன்படுத்தக் கற்றுக்கொடுங்கள்.

ஆறு நாள் அமைதியாக அமர்ந்திருந்த பெண்ணையும் ஏழாம் நாள் தீ வைத்தவரையும் ‘ரயட்டர்ஸ்’ என்று ஒரே சொல்லில் அடைத்தால் அந்தப் பெண்ணுக்கு அநீதி செய்கிறோம். நம் வகுப்பில் பல கட்சியினர், பல மதத்தினர் அருகருகே அமர்கிறார்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லும் முன், நடந்ததைச் சரியான சொல்லால் சொல்லப் பழகுவோம்.