வெற்றிப் பட்டியலை எப்படிப் படிப்பது?

திருநெல்வேலிக்கு வடக்கே, தாழையூத்தை அடுத்துள்ள சங்கர் நகரைச் சிமெண்டு ஆலையைக் கொண்டுதான் பலரும் அறிவார்கள். 1949-இல் அங்கே சிமெண்டு உற்பத்தி தொடங்கிற்று. அங்குள்ள கிரிக்கெட் மைதானத்தில் 2016-ஆம் ஆண்டில் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடைபெறத் தொடங்கின. அதில் நடந்த இரண்டு ஆட்டங்களை இங்கே எடுத்துக்கொள்வோம்.

2023 ஜூலை 10. நெல்லை ராயல் கிங்ஸ் அணிக்குத் திண்டுக்கல் அணி வைத்த இலக்கு 186 ஓட்டங்கள். கடைசி 12 பந்துகளில் 37 ஓட்டங்கள் தேவை என்ற நிலை வந்தது. 19-ஆவது ஓவரில் மட்டும் 33 ஓட்டங்கள் கிடைத்தன! நெல்லை அணி வென்று இறுதி ஆட்டத்துக்குள் நுழைந்தது.

இரண்டு நாள் கழித்து, ஜூலை 12. அதே மைதானம், இறுதி ஆட்டம். கோவை அணி 205 ஓட்டங்கள் எடுத்தது. நெல்லை அணி 101 ஓட்டங்களுக்குள் எல்லா விக்கெட்டுகளையும் இழந்து, 104 ஓட்ட வித்தியாசத்தில் தோற்றது.

அணி ஒன்றுதான், மைதானமும் ஒன்றுதான், இடையில் ஒரே ஒரு நாள். அப்படியானால் அந்த அணியின் உண்மையான வலிமையைக் காட்டும் எண் எது? ஓர் ஓவரில் எடுத்த 33-ஆ, ஓர் ஆட்டம் முழுவதும் எடுத்த 101-ஆ?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் புள்ளியியலின் சில அடிப்படைக் கருத்துகள் நமக்கு எளிதில் விளங்கிவிடும். அவற்றை விளையாட்டுப் பட்டியல்களைக் கொண்டே பார்ப்போம்.

சராசரி சொல்வதும் சொல்லாததும்

ஆட்டக்காரர் ஒருவரின் திறமையைச் சொல்ல நாம் முதலில் தேடுவது சராசரி. எடுத்த ஓட்டங்களை ஆட்டமிழந்த தடவைகளால் வகுத்தால் மட்டைவீச்சுச் சராசரி கிடைக்கும். ஆஸ்திரேலியாவின் டான் பிராட்மன் டெஸ்ட் ஆட்டங்களில் 80 இன்னிங்ஸ்களில் 6996 ஓட்டங்கள் எடுத்தார். அவற்றுள் 10 தடவை அவர் ஆட்டமிழக்கவில்லை. எனவே 6996-ஐ 70-ஆல் வகுக்க வேண்டும், விடை 99.94. 1948-இல் ஓவல் மைதானத்தில் ஆடிய கடைசி இன்னிங்ஸில் அவர் 4 ஓட்டங்கள் எடுத்திருந்தால் சராசரி சரியாக 100 ஆகியிருக்கும். ஆனால் ஓட்டம் எதுவும் எடுக்காமலேயே ஆட்டமிழந்தார்.

இனி நம் ஊர் அணிக்கு வருவோம். முருகன் ஐந்து இன்னிங்ஸ்களில் 4, 0, 97, 2, 7 ஓட்டங்கள் எடுக்கிறான். சுடலை 21, 25, 18, 24, 22 எடுக்கிறான். இருவரும் ஐந்து தடவையும் ஆட்டமிழந்தவர்கள். இருவரின் மொத்தமும் 110. இருவரின் சராசரியும் 22. ஆனால் இருவரும் ஒரே வகை ஆட்டக்காரர்களா? முருகன் ஒரு நாள் வெள்ளம், மறுநாள் வறட்சி. சுடலையோ கால்வாயில் அளவாக ஓடும் நீர். சராசரி இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. ஆகவே சராசரியோடு, எண்கள் எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

மற்றொரு பையன் கடைசியில் இறங்கி ஆடுபவன். ஆறு ஆட்டங்களில் 8, 11, 6, 10, 9, 16 எடுக்கிறான். மொத்தம் 60. ஒரே ஒரு தடவைதான் ஆட்டமிழந்தான். எனவே அவன் சராசரி 60! எந்த ஆட்டத்திலும் 16-ஐத் தாண்டாதவனுக்கு 60 என்ற சராசரி! கணக்கில் தவறில்லை. வகுக்கும் எண் என்ன என்று பாராமல் விடையை மட்டும் பார்ப்பதுதான் தவறு.

ஏழு ஆட்டங்கள் போதுமா?

ஜூலை 10 ஆட்டத்தில் நெல்லையின் ரித்திக் ஈஸ்வரன் 11 பந்துகளில் 39 ஓட்டங்கள் எடுத்தார். நூறு பந்துகளுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 355 ஓட்டங்கள். இதே வேகத்தில் ஒருவர் பருவம் முழுவதும் ஆட முடியாது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். 11 பந்துகள் என்பது மிகச் சிறிய மாதிரி. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஒரே பானையில், ஒரே கொதியில் வெந்த சோற்றுக்கு அது பொருந்தும். பந்துகள் அப்படி ஒரே பதத்தில் வேகுவதில்லை.

பந்துகளை விடுங்கள், முழு ஆட்டங்களை எண்ணினால் சரியாகிவிடுமா? இந்த லீக்கில் 8 அணிகள் உள்ளன. முதல் கட்டத்தில் ஒவ்வோர் அணியும் மற்ற 7 அணிகளோடும் ஒரு தடவை மோதுகிறது. ஆக, ஓர் அணிக்கு 7 ஆட்டங்கள். எட்டு அணிகளும் முற்றிலும் சமவலிமை உடையவை என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்போது ஒவ்வோர் ஆட்டமும் நாணயத்தைச் சுண்டுவதைப் போன்றதுதான்: தலை விழுந்தால் வெற்றி, பூ விழுந்தால் தோல்வி.

நாணயத்தை ஏழு முறை சுண்டினால் 128 வகை விளைவுகள் நேரலாம். அவற்றுள் ஐந்து தலை விழுவன 21, ஆறு தலை 7, ஏழும் தலை 1. மொத்தம் 29. அதாவது, ஓர் அணி ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஆட்டங்களில் வெல்லும் வாய்ப்பு 128-இல் 29. நூற்றுக்கு ஏறத்தாழ 23. எட்டு அணிகளுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு பருவத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய இரண்டு அணிகள் ஐந்து வெற்றிகளை எட்டிவிடும். யாரும் யாரைவிடவும் சிறந்தவரல்லர். ஆயினும் இரண்டு 'மாவீரர் அணிகள்' பிறந்துவிடும்! பயிற்சியாளரின் சூழ்ச்சித் திறன், அணித்தலைவரின் நெஞ்சுரம் என்று நாமும் அந்த வெற்றிக்குக் காரணங்களை அடுக்குவோம்.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தாட்டத்தில் ஒரு கழகம் ஒரு பருவத்தில் 38 ஆட்டங்கள் ஆடுகிறது. சமநிலையில் முடிபவற்றை ஒதுக்கிவிட்டு, அங்கும் நாணயத்தைச் சுண்டுவதாகவே வைத்துக்கொள்வோம். ஏழில் ஐந்து என்ற அதே வீதத்தில் வெல்ல 38-இல் 27 வெற்றிகள் வேண்டும். வெறும் தற்செயலால் இது நிகழும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆட்டங்களின் எண்ணிக்கை பெருகப் பெருகத் தற்செயலின் கை தளர்கிறது, திறமை வெளிப்படுகிறது. நீண்ட பட்டியலுக்கு மதிப்பு மிகுவது இதனால்தான்.

நெல்லை அணியைப் பற்றிய கேள்விக்கும் இதுவே விடை. 33-உம் 101-உம் தனித்தனியே அந்த அணியின் வலிமையைச் சொல்வதில்லை. இரண்டும் ஒரே அணியின் ஏற்ற இறக்கத்துக்குள் அடங்குபவை. அவற்றை நீண்ட பட்டியலில் இரண்டு வரிகளாக மட்டுமே கொள்ள வேண்டும்.

விதியை மாற்றினால் வெற்றியாளரும் மாறுவார்

1923–24 பருவத்தில் இங்கிலாந்தின் முதல் பிரிவுக் கால்பந்தாட்டத்தில் ஹட்டர்ஸ்ஃபீல்டு, கார்டிஃப் ஆகிய இரு கழகங்களும் 42 ஆட்டங்களில் 57 புள்ளிகள் பெற்றுச் சமமாக நின்றன. ஹட்டர்ஸ்ஃபீல்டு அடித்த கோல்கள் 60, வாங்கியவை 33. கார்டிஃப் அடித்தவை 61, வாங்கியவை 34. வெற்றியாளர் யார்?

அன்றைய விதி, அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுக்கச் சொன்னது. ஹட்டர்ஸ்ஃபீல்டுக்கு 1.818, கார்டிஃபுக்கு 1.794. ஆகவே ஹட்டர்ஸ்ஃபீல்டு வாகை சூடியது. 1976–77 பருவத்திலிருந்து வகுத்தலுக்குப் பதிலாகக் கழித்தல் வந்தது. இந்தப் புது விதிப்படி பார்த்தால் இரு கழகங்களுக்கும் வித்தியாசம் 27 தான். அப்படிச் சமமானால் கூடுதல் கோல் அடித்தவருக்கே முதலிடம். அதாவது கார்டிஃப்! ஆட்டங்கள் மாறவில்லை, கோல்கள் மாறவில்லை; அளவுகோல் மட்டும் மாறியது.

கிரிக்கெட்டில் இந்த வேலையைச் செய்வது நிகர ஓட்ட விகிதம். ஓவருக்கு எடுத்த ஓட்டத்திலிருந்து ஓவருக்குக் கொடுத்த ஓட்டத்தைக் கழிக்க வேண்டும். இறுதி ஆட்டம் புள்ளிப் பட்டியலில் சேராது. ஆயினும் கணக்கைப் பழகுவதற்காக 2023 இறுதி ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கோவை 20 ஓவரில் 205, ஓவருக்கு 10.25. நெல்லை 101, ஓவருக்கு 5.05. கோவைக்கு 5.20 மிகை; நெல்லைக்கு அதே அளவு குறை.

நெல்லை அணிதான் 20 ஓவர் முடியுமுன்பே ஆட்டமிழந்துவிட்டதே, பின் ஏன் 20-ஆல் வகுத்தோம் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஓர் அணி 6 ஓவரில் 60 ஓட்டங்கள் எடுத்துப் பத்து விக்கெட்டுகளையும் இழந்தது என்று கொள்ளுங்கள். ஆடிய ஓவர்களால் மட்டும் வகுத்தால் ஓவருக்கு 10 என்ற அருமையான விகிதம் வந்துவிடும். தோற்றவருக்குப் பரிசளிப்பது போலாகும் அது! அதனால்தான் முழுவதும் ஆட்டமிழந்த அணிக்கு முழு ஓவர்களையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்பது விதி.

பழைய சாதனைகளையும் புதியவற்றையும் ஒப்பிடும்போதும் அளவுகோலைக் கவனியுங்கள். 1888–89-இல் பிரஸ்டன் கழகம் 22 ஆட்டங்களில் 18 வெற்றி, 4 சமநிலை என்று தோல்வியின்றி முடித்தது. 2003–04-இல் ஆர்சனல் 38 ஆட்டங்களில் 26 வெற்றி, 12 சமநிலை என்று தோல்வியே காணவில்லை. பட்டியலில் பிரஸ்டனுக்கு 40 புள்ளிகள், ஆர்சனலுக்கு 90. வெற்றிக்கு 2 புள்ளி என்றிருந்ததை இங்கிலாந்தில் 1981-இல் 3 ஆக்கினார்கள். பழைய கணக்குப்படி ஆர்சனலுக்கு 64 தான். ஆட்டம் ஒன்றுக்கு எத்தனை புள்ளி என்று பார்த்தால் இரு கணக்கிலும் பிரஸ்டனே முந்துகிறது. ஆனால் 38 ஆட்டங்கள் தோற்காமல் நிற்பது 22 ஆட்டங்களைவிட அரிது. யார் பெரியவர் என்பதற்கு ஒற்றை எண்ணில் விடை இல்லை.

எண்ணியவரும் ஏமாந்த கதை

இங்கிலாந்து விமானப்படையில் கணக்குத் துறையில் பணியாற்றியவர் சார்லஸ் ரீப். 1950-இல் ஸ்விண்டன் கழகத்தின் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டே பந்து கைமாறிய முறைகளைக் குறிப்பேட்டில் பதிவு செய்யத் தொடங்கினார். பல ஆண்டுகள் விடாது உழைத்தார். 1968-இல் அவரது ஆய்வு அரச புள்ளியியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது.

கோல்களில் சுமார் 80 விழுக்காடு, மூன்று அல்லது அதற்குக் குறைந்த உதைகளால் அமைந்த நகர்வுகளில் விழுகின்றன என்று அவர் கண்டார். ஆகவே பந்தைப் பலமுறை ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டிராமல், எதிர்ப்புறம் நோக்கி நெடுக உதைப்பதே சிறந்தது என்ற முடிவுக்கு வந்தார். பயிற்சியாளர்கள் சிலரும் அதை நம்பினர்.

பிழை எங்கே? நெல்லையில் அல்வா வாங்குபவர்களில் பெரும்பாலோர் வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள். அதனால் வலக்கையருக்குத்தான் அல்வாவில் ஆசை அதிகம் என்பீர்களா? ஊரில் பெரும்பாலோர் வலக்கையராக இருப்பதே காரணம் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அவ்வாறே, ரீப் எண்ணிய எல்லா நகர்வுகளிலும் சுமார் 91 விழுக்காடு குறுகியவையே. நூற்றுக்கு 91 பங்கு முயற்சி, 80 பங்கு கோல்களைத் தந்தது. எஞ்சிய 9 பங்கு முயற்சியோ 20 பங்கு கோல்களைத் தந்தது. முயற்சிக்கு முயற்சி ஒப்பிட்டால் நீண்ட நகர்வே இரண்டரை மடங்கு பயன் தந்திருக்கிறது! எண்ணியதில் பிழையில்லை, எதனோடு ஒப்பிடுவது என்பதில்தான் பிழை.

உங்கள் ஊர் அணிக்கு இது எதற்கு?

பெரிய அணிகளின் பட்டியல் பிழையானால் இரசிகர்களின் விவாதம்தான் சற்றுச் சூடாகும். ஆனால் பள்ளியிலும் ஊர் அணியிலும் சில எண்களைக் கொண்டு ஒரு பையனையோ பெண்ணையோ அணியிலிருந்து நீக்கிவிடுகிறோம். அதில் நடக்கும் அநியாயத்தைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

உங்கள் அணியில் ஆறு மட்டையாளர்கள். ஆறு பேரும் சம திறமை உடையவர்கள். ஒவ்வொருவரும் இரண்டு ஆட்டங்களுக்கு ஒரு முறை 20 ஓட்டங்களைத் தாண்டக் கூடியவர்கள் என்று கொள்வோம். ஒருவர் தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் தாண்டாமல் போகும் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஆறு பேரில் ஒருவராவது அப்படி மூன்றிலும் தவறும் வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு 55! அதாவது, மூன்றே ஆட்டங்களில் பாதிக்கு மேற்பட்ட தடவை, ஒரு குற்றமும் செய்யாத ஒருவர் 'ஆடத் தெரியாதவர்' ஆகிவிடுகிறார். மற்ற ஐவருக்கும் அவருக்கும் திறமையில் துளியும் வேறுபாடு இல்லை. அந்த நீக்கத்தோடு ஆட்டத்தையே விட்டுவிடும் பிள்ளைகளும் உண்டு.

இதற்கு மருந்து ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை, அறுவடை முடிந்த வயலிலும் வற்றிய குளத்திலும் நீங்கள் எங்கே ஆடினாலும், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நாள், இடம், எதிரணி, ஒவ்வொருவரும் சந்தித்த பந்துகள், எடுத்த ஓட்டம், ஆட்டமிழந்தாரா இல்லையா, எத்தனையாவதாக இறங்கினார், ஆடுகளம் எப்படி இருந்தது என்பவற்றைக் குறியுங்கள். வென்ற ஆட்டங்களை மட்டும் குறித்துவிட்டுத் தோற்றவற்றை விட்டுவிடாதீர்கள். அது ரீப்பின் பிழையைவிட மோசமானது.

ஒரு பருவம் முடிந்ததும் அந்தப் பக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். யாரையேனும் நீக்குவதைப் பற்றிப் பேச்சு எழுந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை ஆட்டங்களைக் கொண்டு இதைச் சொல்கிறோம்? எதனால் வகுத்தோம்? யாரோடு, எதனோடு ஒப்பிடுகிறோம்? மூன்றுக்கும் திருப்தியான விடை கிடைக்கும் வரை அந்தப் பிள்ளை ஆடட்டும்.