கதை எழுத டிகிரி வேணுமா? எம்.எஃப்.ஏ படிப்பில் அப்படி என்னதான் சொல்லித் தர்றாங்க?

எம்.பி.ஏ தெரியும், எம்.சி.ஏ தெரியும். எம்.எஃப்.ஏ? 'மாஸ்டர் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்' என்பதன் சுருக்கம். ஓவியம், சிற்பத்துக்கு மட்டுமல்ல... கதை, கவிதை எழுதறவங்களுக்கும் அமெரிக்காவில் இந்த முதுகலைப் பட்டம் உண்டு. பெரும்பாலும் ரெண்டு, மூணு வருஷப் படிப்பு.

"எழுத்தையெல்லாம் கிளாஸ்ல சொல்லித் தர முடியுமா?"ன்னு நீங்க கேட்கலாம். 1936-ல் தொடங்கப்பட்ட அயோவா பல்கலைக்கழகத்தின் ரைட்டர்ஸ் ஒர்க்‌ஷாப், இந்தப் படிப்புக்கெல்லாம் முன்னோடி. 'எழுத்தைக் கற்றுத்தர முடியாது, எழுதுபவரை ஊக்கப்படுத்தலாம்' என்பதுதான் அவங்க நிலைப்பாடும்!

வகுப்பில் என்ன நடக்கும்?

ஒரு மாணவர் தன் கதையை முன்கூட்டியே எல்லோருக்கும் கொடுத்துடுவார். மற்றவங்க படிச்சுட்டு வந்து அலசுவாங்க. எங்கே கதை தொய்வடையுது, எந்தப் பாத்திரம் ஒட்டலை எனப் பேச்சு நீளும். வழக்கமான முறைப்படி, எழுதியவர் அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. காரணம் எளிமையானது. புத்தகம் வாங்கிப் படிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் சொல்ல வந்தது அதில்லீங்க"ன்னு விளக்க முடியாதே!

பரீட்சையைவிட முக்கியம், கடைசியில் கொடுக்க வேண்டிய ஆய்வேடு. அது ஆராய்ச்சிக் கட்டுரை அல்ல. ஒரு நாவல் அல்லது கதை, கவிதைத் தொகுப்பின் கையெழுத்துப் பிரதி. இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் 1970-ல் இதேபோன்ற எம்.ஏ படிப்பு தொடங்கியது. அங்கே படித்த கசுவோ இஷிகுரோ, அப்போது எழுதியதையே வளர்த்து 1982-ல் முதல் நாவலாக வெளியிட்டார். 2017-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எல்லோரும் இஷிகுரோ ஆயிடுவாங்களா? இல்லை. பட்டம் வாங்கினா பதிப்பாளர் கிடைப்பார், பேராசிரியர் வேலை கிடைக்கும் என எந்த உத்தரவாதமும் கிடையாது. அதனாலதான் கடன் வாங்கிப் படிக்கும்முன் யோசிக்கணும்.

விண்ணப்பிக்கும்முன் கேளுங்க!

* கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் உண்டா? டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மிச்செனர் மையம் சேர்க்கிற எல்லோருக்கும் ரெண்டையும் தருது. சில இடங்களில் இளநிலை மாணவர்களுக்கு வகுப்பெடுத்தால்தான் கிடைக்கும்.

* கற்றுத்தரும் எழுத்தாளர்களின் புத்தகங்களைப் படிச்சிருக்கீங்களா?

* உங்க சிறந்த கதை தயாரா? மார்க்கைவிட மாதிரிப் படைப்புதான் இடம் வாங்கித் தரும்.

பட்டம் இல்லாமலும் அயோவாவுக்குப் போகலாம். அங்கே நடக்கும் சர்வதேச எழுத்தாளர் முகாமில் 1970-களில் கலந்துகொண்ட அசோகமித்திரன், அந்த அனுபவத்தை 'ஒற்றன்!' நாவலாக்கினார்.

இந்தப் படிப்பு தருவது ரெண்டே விஷயம்தான்: எழுத நேரம், தயவுதாட்சண்யம் இல்லாத வாசகர்கள். அமெரிக்கா போக வசதியில்லையா? முகத்துக்கு நேரா குறை சொல்லும் நாலு நண்பர்களைச் சேருங்க. மாசம் ஒரு கதை கொடுங்க. அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் மட்டும், ப்ளீஸ்... வாயைத் திறக்காதீங்க!