இறாலும் சோளமும்

நுழையும்முன்

மக்கள் ஊர்விட்டு ஊர் செல்வதைப் போலவே உணவுப்பொருள்களும் நாடுவிட்டு நாடு செல்கின்றன. சென்ற இடத்தில் புதுப்பெயர் பெறுகின்றன. அவ்விடத்து மண்ணுக்கும் நாவுக்கும் உரியனவாகி விடுகின்றன. பெரு நாட்டின் புகழ்பெற்ற உணவு ஒன்றை வடாலாவில் உள்ள ஒரு வீட்டில் சமைக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது. அதில் சேரும் பொருள்கள் எங்கிருந்து வந்தன, அவற்றின் பெயர்கள் எவ்வாறு அமைந்தன, அவ்வுணவு தொடர்ந்து கிடைக்க நாம் காக்க வேண்டியது எது என்பவற்றையும் கூறுகிறது.

பெரு நாட்டின் சூப்பே

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் அமைந்த நாடு பெரு. அதன் தென்பகுதியில், ஆண்டீசு மலைத்தொடரின் சரிவில் அரெகிப்பா என்னும் நகரம் உள்ளது. வெண்ணிற எரிமலைக் கற்களால் கட்டப்பட்ட கட்டடங்கள் நிறைந்த அந்நகரின் பழம்பகுதி, 2000ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அந்நகரத்தார் பெருமையுடன் சமைக்கும் உணவே 'சூப்பே தே காமரோனெஸ்'. 'காமரோனெஸ்' என்பது இறாலைக் குறிக்கும் ஸ்பானியச் சொல். 'சூப்பே' என்பது ஆண்டீசு மலைமக்களின் கெச்சுவா மொழியிலிருந்து வந்தது என்பர். நாம் வழங்கும் 'சூப்பு' என்னும் சொல்லைப் போல ஒலித்தாலும் இது வேறு சொல். அரெகிப்பாவின் மரபுவழி உணவகங்களில் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வகைச் சூப்பே உண்டு.

இது நீர்த்த சாறு அன்று. கஞ்சிக்கும் குழம்புக்கும் இடைப்பட்டது. இறால், மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, பரங்கிக்காய், சிறிது அரிசி, பால், பாலாடைக்கட்டி, முட்டை ஆகியன இதில் சேரும். ஒரு கிண்ணம் உண்டால் ஒருவேளை உணவு நிறைவுறும்.

பெயர் சொல்லும் வரலாறு

இவ்வுணவின் பொருள்கள் அனைத்தும் பெரு நாட்டில் தோன்றியவை அல்ல. உருளைக்கிழங்கு ஆண்டீசு மலைப்பகுதியில் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிரிடப்பட்டது. மக்காச்சோளம் மெக்சிகோவில் தோன்றித் தெற்கே பரவியது. மிளகாயும் பரங்கியும் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியவை. அரிசி, பூண்டு, பால், பாலாடைக்கட்டி ஆகியவற்றை அங்கே கொண்டு சென்றவர்கள் ஸ்பானியர்கள். எனவே, சூப்பே என்பதே பழையோரும் வந்தோரும் சேர்ந்து ஆக்கிய உணவு.

அமெரிக்கப் பயிர்கள் போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியக் கரைக்கு வந்தன. வந்த பொருளுக்குப் பெயரிடுகையில் மக்கள் தாம் முன்பே அறிந்த பொருளை நினைந்தனர். உறைப்புச் சுவைக்குத் தமிழர் அறிந்திருந்தது மிளகு. ஆகவே, மிளகைப் போல உறைக்கும் காய் 'மிளகாய்' ஆயிற்று. மராத்தியிலும் மிளகு 'மிரீ', மிளகாய் 'மிர்ச்சி'. இரு மொழியினரும் ஒரே வழியில் சிந்தித்திருக்கின்றனர்.

'சோளம்' என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக விளையும் தவசத்தின் பெயர். மராத்தியர் அதனை 'ஜ்வாரி' என்பர். அதன் மாவில் பாக்ரி சுடுவர். பின்னர் வந்த பெருங்கதிர்ச் சோளத்தை வேறுபடுத்த 'மக்காச்சோளம்' என்றனர். மழைக்காலத்தில் மும்பைத் தெருவோரங்களில் கரியடுப்பில் சுட்டு, எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தடவி விற்கப்படும் 'புட்டா' இதுவே. மும்பையில் உருளைக்கிழங்கை 'பட்டாட்டா' என்கின்றனர். இச்சொல் போர்ச்சுக்கீசியர் வழி வந்தது. தமிழரோ அதன் வடிவத்தை நோக்கி 'உருளைக்கிழங்கு' எனப் பெயரிட்டனர்.

இறாலுக்கு மட்டும் புதுப்பெயர் வேண்டியிருக்கவில்லை. சங்க இலக்கியத்தில் நெய்தல் நிலத்துப் பாடல்களில் 'இறா', 'இறவு' என்னும் சொற்கள் பயில்கின்றன. மராத்தியில் அது 'கோளம்பி', இந்தியில் 'ஜீங்கா'.

வடாலாவும் நெய்தல் நிலமும்

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும் அந்நிலத்தின் தொழில்கள். இவ்விரண்டும் வடாலாவைச் சுற்றிலும் நிகழ்ந்தவை. வடாலாவின் கிழக்கே உப்பளங்கள் பரந்திருந்தன. அதனை அடுத்த சயான் கோளிவாடாவின் பெயரே அதன் வரலாற்றைக் கூறும். 'கோளி' என்போர் இத்தீவுகளின் தொல்குடியினரான மீனவர். 'வாடா' என்பது குடியிருப்பு.

1947ஆம் ஆண்டு நாட்டுப் பிரிவினையின்போது வீடிழந்து வந்த பஞ்சாபியர் பலர் சயான் கோளிவாடாப் பகுதியில் குடியமர்த்தப்பட்டனர். அவர்கள் கடலை அறியாதவர்கள். ஆயினும், கடலை மாவையும் ஓமத்தையும் அறிந்தவர்கள். அவர்களுடைய கைப்பக்குவமும் கோளியரின் இறாலும் சேர்ந்து 'கோளிவாடா இறால்' என்னும் வறுவல் பிறந்தது. இன்று நாடெங்கும் உணவகங்களில் அப்பெயர் வழங்குகிறது. வந்தவரின் சமையலும் இருந்தவரின் விளைபொருளும் இணைந்தால் புதியதோர் உணவு தோன்றும் என்பதற்கு இதுவே அண்மைச் சான்று.

வீட்டில் சமைக்கும் முறை

நால்வருக்குத் தேவையானவை:

ஓட்டுடன் கூடிய இறால் – 400 கிராம்
மக்காச்சோளக் கதிர் – 2
உருளைக்கிழங்கு – 2
பரங்கிக்காய் – 150 கிராம்
பச்சைப் பட்டாணி – அரைக் கோப்பை
அரிசி – 2 மேசைக்கரண்டி
பெரிய வெங்காயம் – 1
தக்காளி (சிறியது) – 1
பூண்டு – 4 பல்
காசுமீர மிளகாய் – 4
பால் – அரை லிட்டர்
பன்னீர் – 100 கிராம்
முட்டை – 4
கொத்தமல்லித் தழை, புதினா, எண்ணெய், உப்பு – தேவைக்கேற்ப

பெரு நாட்டில் சேர்க்கும் பொருள்கள் சில இங்குக் கிடைப்பதில்லை. அவற்றுக்கு ஈடானவற்றைக் கொள்ளலாம். அந்நாட்டுச் செம்மிளகாய் நிறம் மிக்கது, உறைப்புக் குறைந்தது. காசுமீர மிளகாயும் அத்தகையதே. அந்நாட்டுப் பாலாடைக்கட்டிக்கு ஈடாகப் பன்னீரும், மணத்தழைக்கு ஈடாகப் புதினாவும் கொத்தமல்லியும் பயன்படும்.

இறால் வாங்கும்போது கவனம் தேவை. நல்ல இறாலின் தலை உடலோடு உறுதியாக இணைந்திருக்கும்; ஓடு பளபளக்கும்; கடல்மணம் மட்டுமே வீசும். தலை கறுத்தோ காரநெடி வீசியோ இருப்பின் வாங்கலாகாது. இறால் விரைவில் கெடும் ஆகையால் பனிக்கட்டியில் வைத்து, வாங்கிய அன்றே சமைத்தல் வேண்டும். கத்தியும் அடுப்பும் பயன்படுவதால், மாணவர்கள் பெரியோர் துணையுடன் மட்டுமே செய்தல் வேண்டும்.

1. இறாலின் தலையையும் ஓட்டையும் நீக்குக. முதுகில் ஓடும் கருநிறக் குடலை எடுத்துவிட்டுக் கழுவுக. தலையையும் ஓட்டையும் எறிந்துவிடலாகாது. சுவையின் பெரும்பகுதி அவற்றில்தான் உள்ளது.

2. ஒரு கரண்டி எண்ணெயில் தலைகளையும் ஓடுகளையும் செந்நிறம் பெறும்வரை வதக்குக. ஒன்றேகால் லிட்டர் நீர் ஊற்றி, இருபது நிமிடம் மிதமான தீயில் கொதிக்கவிட்டு வடிகட்டுக. இதுவே அடிச்சாறு.

3. மிளகாயை வெந்நீரில் ஊறவைத்துப் பூண்டுடன் அரைக்க. பாலை மற்றோர் அடுப்பில் பாதியாகச் சுண்டக் காய்ச்சுக.

4. நறுக்கிய வெங்காயத்தையும் தக்காளியையும் எண்ணெயில் குழைய வதக்கி, அரைத்த விழுதைச் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை கிளறுக.

5. அடிச்சாற்றை ஊற்றுக. இரண்டு விரல் அகலத் துண்டுகளாக்கிய சோளக்கதிரையும் அரிசியையும் முதலில் இடுக. பத்து நிமிடம் கழித்து உருளைக்கிழங்கையும், மேலும் ஐந்து நிமிடம் கழித்துப் பரங்கியையும் பட்டாணியையும் சேர்க்க. வேக நெடுநேரம் ஆவது முன்னும், விரைவில் வேகுவது பின்னும் சேர்தல் வேண்டும். இல்லையேல் பரங்கி கரையும், கிழங்கு வேகாது.

6. காய்கள் வெந்தபின் உப்பிடுக. முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து, மெல்லக் கொதிக்கும் சாற்றில் கலையாமல் விடுக. இரண்டு நிமிடம் கழித்து இறாலைச் சேர்க்க. இறால் வேக மூன்று நிமிடம் போதும், மிகுந்தால் இழுவையாகிவிடும்.

7. தீயை மிகவும் குறைத்து, சுண்டிய பாலையும் பன்னீரையும் சேர்க்க. பால் சேர்ந்தபின் கொதிக்கவிடலாகாது. தக்காளியின் புளிப்பால் பால் திரியக்கூடும். தழைகளைத் தூவி இறக்குக.

பாலையும் மீனையும் சேர்த்து உண்ணலாகாது என்னும் வழக்கம் நம் வீடுகள் பலவற்றில் உண்டு. அவ்வீட்டார் பாலுக்கும் பன்னீருக்கும் மாற்றாகக் கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றலாம். இறால் உண்ணாதோர் காளானையும் காய்கறி வெந்த நீரையும் கொள்ளலாம். சிலருக்கு இறால் ஒவ்வாமை உண்டு. உதடு வீங்குதல், தோல் தடித்தல், மூச்சுத் திணறல் ஆகியன அதன் அறிகுறிகள். விருந்தினருக்குப் பரிமாறும் முன் அதனைக் கேட்டறிதல் நற்பழக்கம்.

இறால் ஏன் சிவக்கிறது?

பச்சை இறாலின் ஓட்டில் செந்நிறப் பொருள் முன்பே உள்ளது. அது ஒரு புரதத்துடன் பிணைந்திருப்பதால் நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ தோன்றுகிறது. வெப்பத்தால் புரதம் சிதைந்து பிணைப்பு அவிழ்கிறது. மறைந்திருந்த செம்மை வெளிப்படுகிறது.

பயணம் செய்யும் இறால்

அரெகிப்பாவின் சூப்பேயில் இடப்படுவது ஆற்று இறால். அது மலைச்சரிவில் பாயும் ஆறுகளில் வாழ்கிறது. முட்டை பொரிக்கும் பருவத்தில் தாய் இறால் கழிமுகம் நோக்கி இறங்கும். உவர்நீரில் வளர்ந்த குஞ்சுகள் மீண்டும் ஆற்றை எதிர்த்து மேலேறும். மும்பைச் சந்தைக்கு வரும் கடல் இறாலின் பயணமோ இதற்கு நேர்மாறானது. பலவகைக் கடல் இறால்கள் ஆழ்கடலில் முட்டையிடும். குஞ்சுகள் அலையோடு கழிமுகத்தை அடைந்து, அலையாத்திக் காடுகளின் வேர்களுக்கிடையே வளர்ந்து, பின் கடலுக்குத் திரும்பும். வடாலாவுக்கு அருகே சிவ்ரிச் சேற்றுநிலத்தில் ஆண்டுதோறும் பூநாரைகள் வந்திறங்கும். அங்கே நிற்கும் அலையாத்தி மரங்கள் இத்தகைய குஞ்சுகளின் தொட்டில்கள். அம்மரங்களை வெட்டினால் கடலில் இறால் குறையும். 2018ஆம் ஆண்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் மகாராட்டிரம் முழுவதும் அலையாத்திக் காடுகளை அழிப்பதற்குத் தடை விதித்தது.

சந்தையில் கிடைக்கும் இறால் அனைத்தும் கடலில் பிடிக்கப்பட்டவை அல்ல. பண்ணைகளில் வளரும் வனாமி இறாலும் பெருமளவில் வருகிறது. இதன் தாயகம் மெக்சிகோ முதல் வடபெரு வரையுள்ள பசிபிக் கடற்கரை. இந்தியப் பண்ணைகளில் இதனை வளர்க்க 2009ஆம் ஆண்டில் இசைவளிக்கப்பட்டது. பெரு நாட்டுக் கடலின் இறால், நம் சந்தைக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது.

காத்திருத்தல்

பெரு நாட்டில் டிசம்பர் 20 முதல் மார்ச் 31 வரை ஆற்று இறால் பிடிக்கத் தடை உண்டு. அது அங்கே மலைமழைக் காலம். இறாலின் இனப்பெருக்கக் காலம். இந்தியாவின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இயந்திரப் படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அத்தடை நிலவுகிறது. அந்நாள்களில் மீனவர் வருவாய் இழந்து, வலைகளைப் பழுதுபார்த்துக் காத்திருப்பர். கோளியர் வீடுகளில் கோடையில் உலர்த்திய இறாலே அப்போது குழம்பாகும். தமிழகக் கடற்கரை வீடுகளில் கூனிக் கருவாடு அவ்வாறே உதவும். பின்னர், ஆவணி நிலவை ஒட்டிய நாரளிப் பௌர்ணமியன்று கோளியர் கடலுக்குத் தேங்காய் படைத்து, மீண்டும் படகு செலுத்துவர்.

இருநூறு ரூபாய்க்கு இறால் வாங்குவோர் இரண்டு மாதம் காத்திருப்பது எளிது. அதனை விற்று வாழ்வோர் காத்திருப்பது கடினம். ஆயினும், காத்திருப்போர் அவர்களே. தடைக்காலத்தில் கைவிரல் நகமளவு இறாலை வாங்க மறுப்பது, அவர்களுடைய காத்திருப்புக்கு நாம் செய்யும் சிறு மதிப்பு ஆகும். சமையலின் முதல் படி அடுப்பில் தொடங்குவதன்று, சந்தையில் தொடங்குவது.

சொல்லும் பொருளும்

தவசம் – தானியம்
தொல்குடி – பழங்காலந்தொட்டு வாழும் மக்கள்
கழிமுகம் – ஆறு கடலோடு கலக்குமிடம்
உவர்நீர் – உப்புச் சுவையுடைய நீர்
திரிதல் – பால் கெட்டுப் பிரிதல்
இசைவு – ஒப்புதல்

மதிப்பீடு

1. 'மிளகாய்' – பிரித்து எழுதுக. இப்பெயர் அமைந்த காரணத்தை விளக்குக.
2. மக்காச்சோளத்தை முதலிலும் பரங்கியைப் பின்னரும் சேர்ப்பது ஏன்?
3. ஆற்று இறாலின் பயணத்தையும் கடல் இறாலின் பயணத்தையும் ஒப்பிடுக.
4. கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் ஒருசேரத் தடை நிலவும் நாள்கள் எவை? கணக்கிட்டு எழுதுக.
5. உங்கள் வீட்டில் மும்பைக்கு வந்தபின் மாறிய உணவு ஒன்றைப் பெற்றோரிடம் கேட்டறிந்து, அதன் செய்முறையைப் பத்து வரிகளில் எழுதுக.